சிரிப்பு ஷாட்

அக்டோபர் 9, ஞாயிறு

பிணம் கிடைத்துவிட்டது.

இந்த வரியை மட்டும் யாராவது படித்தால் என்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள். ஆனால் நான் அலைந்த அலைச்சலுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இல்லை. என் படம் ‘மூத்தவன் வரட்டும்’ முழுக்க ஒரு பிணத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. அப்பா இறந்து வாசலில் கிடக்கிறார். மூத்த மகன் வெளியூரிலிருந்து வந்தால்தான் தூக்கவேண்டும் என்கிறார்கள். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. வீடே காத்திருக்கிறது. மூத்தவன் வருகிறான், தூக்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. மகனாக நடிக்க ஆள் இருந்தது, மருமகளாக நடிக்க மூன்று பேர் போட்டி போட்டார்கள். பிணமாக மட்டும் ஒருவரும் வரவில்லை.

இன்று காலை ஆதிலிங்கம் அண்ணாச்சி தானாகவே என் ஸ்டூடியோவுக்கு வந்தார். உப்புக் கம்பெனியின் எடை மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளவயதில் துறைமுகத்தில் நடந்த ஏதோ ஒரு படப்பிடிப்பில் கூட்டத்தோடு நின்றவராம். அதை நேற்று நடந்தது போலச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் டீ கொண்டுவந்தவன் பாதி டீயைத் தட்டில் கொட்டினான். இப்படிச் சிரிக்கிற மனிதர் பிணமாகக் கிடப்பாரா என்று எனக்கே சந்தேகம்.

அவர் மனைவி சுயம்புக்கனி கூடவே வந்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி என்பதால் மதினி என்று கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“நடிக்கட்டும் செல்வி. நான் வேண்டாம்ங்கல. ஆனா செத்துக் கெடந்து முடிச்சதும், எந்திரிச்சு கேமராவப் பாத்துச் சிரிக்கணும். அதையும் நீ படம் புடிக்கணும். கடசியா அதுக்குள்ள போறது அவுக சிரிப்பாத்தான் இருக்கணும்.”

“சினிமாவுல எல்லாரும் செய்யுததுதான் அக்கா” என்றான் கேமராமேன் பெலிக்ஸ். “சிரிப்பு ஷாட்.”

சரி என்று மதினியின் கையில் அடித்துச் சொன்னேன். படம் முடிந்து திரையில் ஓடும்வரை எழுதுவது என்றுதான் இந்த டைரியைத் தொடங்கியிருக்கிறேன். எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறேன் பார்க்கலாம்.

அக்டோபர் 11, செவ்வாய்

முதல் நாள். உப்பளத்தை ஒட்டிய வீடு. வாசலில் பந்தல் போட்டு, பந்தலுக்கு வெளியே பெஞ்சைப் போட்டு, அண்ணாச்சியைக் கிடத்தினோம். நெற்றியில் காசு, கால் பெருவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டு. கட்டும்போது மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் இருபது வருடத் தொழில் கல்யாண வீடியோ. தூத்துக்குடியில் பாதிப் பேரின் கல்யாணம் என் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. அங்கே யாரும் ‘கட்’ சொல்வதில்லை. கல்யாணம் அதுபாட்டுக்கு நடக்கும், நாம் பின்னால் ஓடவேண்டும். அந்தப் பழக்கத்தில் இன்று முதல் ஷாட் முடிந்ததும் நானும் பெலிக்சும் பேசிக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தால் அண்ணாச்சி அப்படியே கிடக்கிறார். காசுகூட நகரவில்லை.

“அண்ணாச்சி, எந்திரிங்க, டீ ஆறுது.”

அசையவில்லை. அப்புறம்தான் உறைத்து “கட்” என்றேன். பட்டென்று எழுந்து உட்கார்ந்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

“டைரக்டரம்மா, நீங்க சொல்லாம நான் எப்பிடி எந்திரிக்க? வேற யாரு சொன்னாலும் செல்லாது. ஆக்சன் சொன்ன வாயிதான் கட் சொல்லணும்.”

மத்தியானமும் ஒரு தடவை மறந்தேன். மறுபடியும் அதே கதை. சவுண்டும் எடிட்டிங்கும் பார்க்கிற முபாரக், என் சட்டைப்பையில் ‘கட்’ என்று எழுதிய துண்டுத்தாளைச் செருகிவிட்டுப் போனான். கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை.

அக்டோபர் 13, வியாழன்

அண்ணாச்சி ஒரு அதிசயம். முகத்தில் ஈ உட்கார்ந்து மூக்கிலிருந்து கண்வரை நடந்து போனது. இமை துடிக்கவில்லை. பெலிக்ஸ் நெஞ்சுக்குப் பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனான். ஏறவில்லை, இறங்கவில்லை.

“மூச்ச எங்க கொண்டு வச்சிருக்கிய?” என்று இடைவேளையில் கேட்டேன்.

“எடை மேடையில லாரி நிக்கையில பக்கத்துல நின்னு மூச்சு விட்டா முள்ளு ஆடும்மா. முப்பது வருச பழக்கம்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பொய்தான். ஆனால் மூச்சு எங்கே என்று எனக்கும் தெரியவில்லை.

படப்பிடிப்பு பார்க்க வந்த ஒரு பாட்டியம்மா படியேறியதும் அவரைப் பார்த்து நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டது. சமாதானப்படுத்தி அனுப்பினோம். மதினி வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “சிரிப்பு எப்பம்?” என்று கேட்டார். கடைசி நாள், பிண வேலை எல்லாம் முடிந்ததும் என்றேன்.

அக்டோபர் 15, சனி

நனைந்த துணியைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். சந்தோஷத்தில்.

கடைசி நாள், கடைசி ஷாட். மூத்தவன் வந்து தூக்குகிற காட்சியை முன்பே எடுத்தாகிவிட்டது. வீட்டார் வாசலில் காத்திருப்பது மட்டும் பாக்கி. ஆக்சன் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, உப்பளத்துப் பக்கமிருந்து மழை சுவர் மாதிரி வந்தது. “ஓடுங்க, மைக்க எடுங்க” என்று கத்தினேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் வீட்டுக்குள் ஓடினார்கள். முபாரக் மைக்கை மடியில் கட்டிக்கொண்டு ஓடினான். பெலிக்ஸ் கேமராவுக்குப் பெரிய குடையைக் கட்டிவிட்டு ஓடிவந்தான். கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். வாசலில் யாருமே இல்லை. பெஞ்சில் அவர் மட்டும். மழை அவர் மேல் அடிக்கிறது. கண்குழியில் தண்ணீர் தேங்கி, நிறைந்து, காதோரம் வழிகிறது. நெற்றிக் காசு கழுவப்பட்டு மின்னுகிறது. எல்லோரும் விட்டுவிட்டு ஓடிய பிறகு இறந்தவன் எப்படிக் கிடப்பான் என்று நான் மூன்று வருடம் எழுதி எழுதிக் கிழித்த காட்சி இது. இப்படி எழுத எனக்கு வரவில்லை. மழை எழுதிக் கொடுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கரன்ட் போனது, வெளிச்சமும் போனது. வாடகைக் கேமராவை நனையாமல் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று ஆளுக்கொரு சாமானாகத் தூக்கி வேனில் ஏற்றினோம். திரும்பிப் பார்த்தபோது மதினி அண்ணாச்சியைப் பெஞ்சில் தூக்கி உட்காரவைத்து, முந்தானையால் தலை துவட்டிக்கொண்டிருந்தார். கையாட்டினேன். சிரிப்பு ஷாட் இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை.

அக்டோபர் 16, ஞாயிறு

தூங்கினேன். மழை.

அக்டோபர் 20, வியாழன்

மதினி போன் செய்தார். அண்ணாச்சி அவ்வளவாகப் பேசுவதில்லையாம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. “சிரிப்பு எடுக்கலையே செல்வி” என்றார். வருகிறேன் என்றேன். நனைந்த மனிதருக்கு உடம்பு அசதி இருக்காதா?

அக்டோபர் 24, தீபாவளி

அதிரசம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் பெஞ்சு. அதில் அண்ணாச்சி மல்லாந்து படுத்திருந்தார். கைகள் நெஞ்சில், கால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி. கட்டு எதுவும் இல்லை, ஆனாலும் விலகவில்லை. யாரோ தெருவில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் இமைக்கவில்லை.

“ஊட்டுனா முழுங்குதாவ. உக்கார வச்சா உக்காருதாவ. விட்டா இங்கன வந்து படுத்துக்கிடுதாவ. டாக்டர் எல்லாம் நல்லாருக்குங்காரு” என்றார் மதினி. “நீ அந்தச் சிரிப்ப எடு.”

போனை எடுத்து, “அண்ணாச்சி, சிரிங்க பாப்போம்” என்றேன். கருவிழி என் பக்கம் மெதுவாகத் திரும்பியது. எதற்கோ காத்திருக்கிற பார்வை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு போனைப் பைக்குள் போட்டேன். வயதானவர்களுக்கு மழைக்காலத்தில் மனம் சோர்ந்து போவது உண்டு. என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது.

அதிரசத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். மதினி வாசல்வரை வரவில்லை.

நவம்பர் 12, சனி

எடிட்டிங். முபாரக் மழைக் காட்சியை இதுவரை பத்துத் தடவையாவது ஓட்டியிருப்பான். “அக்கா, இது ஒண்ணு போதும். இதுக்காகவே படத்தக் கூப்பிடுவாங்க” என்றான். எனக்கும் அது தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனைக் கழற்றினான். “ஒண்ணு கேக்கணும். எல்லா கிளிப்லயும் கடைசில உங்க குரல் இருக்கு, கட்டுன்னு. இதுல மட்டும் இல்லையே. மழ சத்தத்துல போயிருச்சா?”

“போய் டீ சொல்லிட்டு வா” என்றேன்.

போனான். டீக்கடை எதிரே இருந்தும் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பர் 19, சனி

மதினி ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டார். செருப்பில்லாமல், வெயிலில். கல்யாண ஆல்பம் பார்க்க வந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தும் உட்காரவில்லை.

“நேத்து ஒரு வார்த்த பேசினாவ.”

“நல்லதுதானே மதினி!”

“‘முடிஞ்சிட்டா’ன்னு கேட்டாவ. முடிஞ்சிட்டுய்யா, என்னைக்கோ முடிஞ்சிட்டு, எந்திரிங்கன்னு அழுதேன். நீ சொன்னா செல்லாதுன்னுட்டாவ.” என் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். “நீ அன்னைக்குச் சொல்லல. ஓடுங்கன்னுதான் சொன்ன. நான் வேலியில நின்னு கேட்டுக்கிட்டுதான இருந்தேன். வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போம்மா. ஒரு வார்த்த.”

வருகிறேன் என்றேன். எடிட்டிங் முடியட்டும். விட்டுப்போன ஷாட் ஏதாவது எடுக்கவேண்டி வந்தால் அவர் இதே உடம்பு, இதே முகமாக இருப்பது வசதிதான். இப்படி நினைத்ததை இங்கே எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நவம்பர் 21, திங்கள்

முபாரக் தொழுகைக்குப் போயிருந்தான். மழைக் காட்சியை ஓடவிட்டு, மதினி சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருந்ததால், திரையைப் பார்த்து வாய்க்குள் முணுமுணுத்தேன். அந்த வார்த்தையை. பாதிதான் சொல்லியிருப்பேன்.

திரையில் அவருடைய இடது இமை நடுங்கியது.

நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டினேன். அதே இடத்தில் நடுங்கியது. முந்தாநாள்வரை அங்கே அப்படி இல்லை. அந்த இடத்தை மட்டும் நீக்கிவிட்டு முன்னும் பின்னும் ஒட்டினேன். ஒட்டியது தெரியவில்லை. மழைத்துளி பட்டால் யார் இமையும் நடுங்கும்.

இனிமேல் மழைக் காட்சி ஓடும்போது வாயில் பாக்கு போட்டுக்கொள்ளப் போகிறேன்.

டிசம்பர் 17, சனி

ஒரு தியேட்டர்காரரைப் போய்ப் பார்த்தோம். காலைக் காட்சி ஒன்று கொடுத்தால் போதும் என்று கேட்டேன். லேப்டாப்பில் கொஞ்சம் பார்த்தார்.

“பொணம் எந்திரிச்சு ஒரு பாட்டு கீட்டு பாடுதாம்மா?”

“இல்ல சார்.”

“எந்திரிக்கவே செய்யாதா?”

“எந்திரிக்காது சார்.”

“அப்ப சனம் எதுக்கும்மா வரும்?”

வெளியே வந்து பெலிக்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ஜனவரி 6, வெள்ளி

மதுரைத் திரைப்பட விழாவில் படம் தேர்வாகிவிட்டது! பிப்ரவரி 12, பிற்பகல் காட்சி. தேர்வுக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் போனில் பேசினார். “அந்த மழைக் காட்சியை எப்படி எடுத்தீங்க? அது பொம்மையா, ஆளா? என்னால தூங்க முடியலை” என்றார். ஆள்தான் என்றேன். “இதை வெளிநாட்டு விழாக்களுக்கும் பரிந்துரைக்கிறேன்” என்றார்.

அம்மா படத்துக்கு முன் விளக்கேற்றினேன். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக யாரோ என்னைக் கல்யாண வீடியோக்காரி என்று அறிமுகப்படுத்தாமல் பேசியிருக்கிறார்கள்.

ஜனவரி 22, ஞாயிறு

நல்ல செய்தியை நேரில் சொல்லலாமென்று போனேன். போயிருக்கவேண்டாம்.

அந்தத் தெருவுக்குள் வந்ததுமே சனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். வாசலைக் கடக்கிற பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். யாரோ பெஞ்சின் தலைமாட்டில் ஒரு அகல்விளக்கை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதினி அதைக் காலால் எத்திவிட்டார். எண்ணெய் தரையில் ஓடியது.

அண்ணாச்சியின் கையைத் தொட்டுப் பார்த்தேன். மார்கழி முடிந்தும் பனிக்காலத்து இரும்புக் கேட் மாதிரி இருந்தது. இப்போது ஊட்டினாலும் விழுங்குவதில்லையாம். உதட்டைத் தண்ணீரால் நனைப்பதோடு சரி. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

“பெரியவனுக்கு ஆரோ வெவரத்தச் சொல்லிட்டாவ” என்றார் மதினி. மூத்த மகன் கார்த்தீசன் மஸ்கட்டில் இருக்கிறான். “டிக்கெட் போட்டுட்டானாம். வராதன்னு சொன்னேன். கேக்க மாட்டுக்கான்.”

“மகன் வந்தா உங்களுக்கு உதவிதானே?”

மதினி என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. “உன் படத்துல மூத்தவன் வந்ததும் என்ன செய்வாவ?”

நான் பெஞ்சுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எப்ப வாரான்?” என்று கேட்டேன்.

“பிப்ரவரி பன்னெண்டு.”

பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்தேன். மதினி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. ஆனால் மூன்று வாரத்தில் படம் ஓடவேண்டும். அந்தக் காட்சியில் மூச்சு விடும் பிணத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? விழா முடிந்த மறுநாள் வந்து சொல்கிறேன் மதினி, சத்தியமாக என்றேன்.

“மறுநாளா?” என்றார். கூப்பிய கை கீழே இறங்கியது. “அப்ப நாங்களும் மதுரைக்கு வாரோம். அவுக நடிச்ச படம். அவுக பாக்கணும்லா.”

ஜனவரி 23, திங்கள்

தலைவலி. வேலை எதுவும் ஓடவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு, மதுரை

வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

ஒரு கல்லூரியின் கலையரங்கம். நல்ல கூட்டம். பெலிக்சும் முபாரக்கும் அண்ணாச்சியை வேனிலிருந்து சக்கர நாற்காலியில் இறக்கி, கடைசி வரிசையில் ஓரத்து இருக்கையில் உட்காரவைத்தார்கள். முபாரக் என் பக்கம் திரும்பாமலே, “அக்கா, உடம்பு வளைய மாட்டேங்குது” என்றான். அவருக்குப் பக்கத்தில் மதினி, அதற்கடுத்து நான். விளக்கு அணைந்தது. என் பெயர் திரையில் வந்தபோது கைதட்டினார்கள். அதற்காகத்தான் இத்தனையும். ஆனால் எனக்குக் கை சேரவில்லை.

மழைக் காட்சி வந்தது. பெண்கள் ஓடினார்கள். வாசல் காலியானது. பெஞ்சில் அவர் மட்டும்.

அரங்கில் இருமல் நின்றது, நாற்காலிச் சத்தம் நின்றது. முன்வரிசையில் தேர்வுக்குழு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. மதினியின் கை இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தது.

“செல்வி, அவுக கை வெறச்சுப் போயிட்டு.”

அண்ணாச்சியின் பக்கம் பார்த்தேன். திரை வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்திருந்தது. கண்குழியில் ஈரம். இங்கே ஏது மழை? தண்ணீர் நிறைந்து, காதோரம் வழிந்து, சட்டைக் காலரில் இறங்கியது. அவர் நெஞ்சில் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கதவு திறந்தது. வெளிவெளிச்சத்தில் ஒரு ஆள், கையில் பெரிய பை. அக்கம்பக்கத்தில் போனில் விசாரித்துக்கொண்டு விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறான். “அம்மா?” என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

திரையிலும் அடுத்து அதுதான். மழை விட்டதும் மூத்தவன் தெருமுனையில் பையோடு வருவான். பிறகு தூக்குவார்கள். மதினி எழுந்து இரண்டு கையையும் விரித்து மகனை மறித்துக்கொண்டு, “வராதய்யா, கிட்ட வராத” என்று அழுதார். மழை குறையத் தொடங்கியது. திரையில், இன்னும் கொஞ்சம்தான்.

நான் எழுந்து நின்று, தொண்டை கிழிய, “கட்!” என்று கத்தினேன்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் திரையில் பிணம் கண்ணைத் திறந்தது. மழைக்குள் எழுந்து உட்கார்ந்தது. நெற்றியிலிருந்து விழுந்த காசை ஒரு கையால் பிடித்தது. முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு. ஓரத்து இருக்கையிலும் அதே சிரிப்பு, ஒரு நொடி பின்னால். தண்ணீருக்கடியிலிருந்து வந்தவர் மாதிரி மூச்சை இழுத்து, அண்ணாச்சி சிரித்தார்.

கார்த்தீசன் பையைப் போட்டுவிட்டு, “எப்பா” என்று அவர் காலடியில் உட்கார்ந்தான். மதினி தரையில் சரிந்து, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் இருந்தார்.

படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. மூத்தவன் வந்தான். பெண்கள் வெறும் பெஞ்சைச் சுற்றி அழுதார்கள். நாலு பேர் வெறும் பாடையைத் தோள் வலிக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்கள். அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் எழுந்து போனார்கள். தேர்வுக்குழு அம்மாள் வெளியே என்னைக் கடந்து போனபோது, “நாங்க பார்த்த படம் இது இல்லையே” என்றார். கோபம்கூட இல்லை, பயம்தான் இருந்தது அந்தக் குரலில்.

போனால் போகட்டும். வேனில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே வந்தார். நாங்களும் சிரித்தோம்.

பிப்ரவரி 13, திங்கள்

மதினி போன் செய்தார். வாய் நிறையப் பேச்சு. அண்ணாச்சி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாராம். வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துச் சிரிக்கிறாராம். பின்னால் அந்தச் சிரிப்பு எனக்கே கேட்டது.

விழாவிலிருந்து ஒரு வரி வந்திருந்தது. பரிந்துரை இல்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

காலையில் மறுபடியும் மதினி. இந்தத் தடவை குரல் வேறு மாதிரி.

“செல்வி, அவுக சிரிச்சிக்கிட்டே இருக்காவ.”

“இருக்கட்டும் மதினி, எத்தன நாள் சிரிக்காம...”

“ஒறங்கையிலயும் சிரிக்காவ. நிறுத்த மாட்டுக்காவ. கண்ணுல தண்ணி வருது, வாயி மட்டும் சிரிக்கி.”

போனை வைத்தேன். பிறகு புரிந்தது. சிரிப்பு ஷாட்டும் ஒரு ஷாட்தானே.

ஸ்டூடியோவைப் பூட்டக்கூட இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். தெருவே வெளியே நின்றது. அண்ணாச்சி பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்து நரம்பு புடைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கார்த்தீசன் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். அண்ணாச்சியின் கண்கள் என்னைக் கண்டதும் அப்படியே பற்றிக்கொண்டன. நடிகன் டைரக்டரைப் பார்க்கிற பார்வை. அக்டோபரிலிருந்து அந்தக் கண்கள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும்.

அவர் முன்னால் போய் நின்று, தெளிவாக, நிதானமாகச் சொன்னேன்.

“கட்.”

வாய் மூடியது. தாடையைத் தடவிக்கொண்டார். ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

“முடிஞ்சிட்டா டைரக்டரம்மா?”

“முடிஞ்சிட்டு அண்ணாச்சி. முழுசா முடிஞ்சிட்டு.”

“இம்புட்டு நேரமா?” என்றார். “ரொம்பக் குளுந்துச்சி.”

மதினி என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு டம்ளர் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, சனி

இன்றுதான் படத்தை மறுபடி திறந்து பார்க்கத் தைரியம் வந்தது. எல்லாப் பிரதியிலும் ஒரே மாதிரிதான். மழைக் காட்சியில் இப்போது அவரும் இல்லை, சிரிப்பும் இல்லை. வெறும் பெஞ்சு நனைந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில், ஒரு ஆள் நீளத்துக்கு, பலகை காய்ந்து கிடக்கிறது. மழை விடும் நேரத்தில் கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்கிறது. கட் என்று.

முபாரக் குரலை அழித்துப் பார்த்தான். திரும்பத் திரும்ப வந்தது. “இன்னொரு வழி இருக்கு அக்கா, ட்ரை பண்ணட்டுமா?” என்றான்.

வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.